பவளத்துக்குப் போட்ட யூரியா

மருத்துவமனையில் என் மகள் கேட்ட முதல் கேள்வி, நைட்ரேட் எவ்வளவு என்பதுதான்.

மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்த மறுநாள் காலை அது. தொண்டையெல்லாம் புண்ணாகிக் குரல் வரவில்லை. தன் நைனாவின் கையை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளங்கையில் விரலால் எழுதினாள். என், ஓ, மூன்று. என் கணவருக்குப் புரியவில்லை. "இன்னாம்மா, தண்ணி வேணுமா? நர்ஸ கூப்புடட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாக வேதியியல் எடுக்கிறேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு அதே கையில் இன்னொன்று எழுதினாள். "நீ போ."

வீட்டுக்குப் போ, டேங்க்கைப் பார் என்று அர்த்தம்.

பெற்ற பிள்ளையை மருத்துவமனையில் விட்டுவிட்டு மீன்தொட்டியைப் பார்க்க ஊருக்குப் பேருந்து ஏறியவள் நான். பத்து நாளில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால் போனேன். பொன்னேரி தாண்டும்வரை எதுவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

தொட்டி எங்கள் வீட்டு முன்னறையில், முன்பு டி.வி. இருந்த இடத்தில் இருக்கிறது. இருநூறு லிட்டர். விலங்கியல் படிக்கும்போது கல்லூரியில் யாரோ காட்டிய தொட்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் பிடிவாதம் பிடித்து வைத்தாள். கல்லாக வளரும் பவளங்களை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அவளிடம் இருந்தவை எல்லாம் மெத்தென்று சதைபோல இருக்கும் வகைகள்: சட்டைப் பொத்தான் அளவுக்கு விரியும் பொத்தான் பவளங்கள், காளான் போன்றவை, பதப்படுத்திய தோலைப்போல ஒரு தோல் பவளம். கூடவே இரண்டு கோமாளி மீன்கள். பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்து, வீட்டுக்குள் ஒரு கடல் எதற்கு என்று கேட்காதவர்கள் தெருவில் கிடையாது.

மீன் போடும் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சேரும். அதிகமானால் பாசி ஏறிப் பவளத்தை மூடிவிடும். அதனால் வாரம் இரண்டு முறை சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். நைட்ரேட்டுக்கு இளஞ்சிவப்பு, பாஸ்பேட்டுக்கு நீலம். தொட்டியின் பக்கக் கண்ணாடியில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "நைட்ரேட் 10க்கு மேல் போகக் கூடாது. பாஸ்பேட் 0.1க்கு மேல் போகக் கூடாது."

அவள் இன்னும் நிறையச் சொல்லியிருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டு மட்டும்தான்.

விபத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தொட்டிக்குக் கடல் தண்ணீர் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு ஃபைபர் படகில் போய், அலை உடையும் இடத்தைத் தாண்டி, கேன்களில் நிரப்பிக்கொண்டு வருவாள். மார்கழியில் ஒரு காலை, திரும்பிக் கரை ஏறும்போது பின்னாலிருந்து வந்த அலை படகைக் கவிழ்த்தது. அவள் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். படகுக்காரர் முங்கி இழுத்து வெளியே போட்டார். நுரையீரலில் தண்ணீரும் மணலும் போயிருந்தன. லைஃப் ஜாக்கெட் இருந்தது. கேன்கள் உருளாமல் இருக்க அவற்றுக்கு நடுவில் செருகி வைத்திருந்தாளாம்.

எனக்கு அது தொலைபேசியில் வந்த செய்தி. பத்தாம் வகுப்பு சி பிரிவுக்கு மாற்று ஆசிரியராகப் போயிருந்தேன். கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் அடுத்த பாடத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்றைக்கும் அலைபேசி அடித்தால் முதலில் சாக்பீஸ் வாசனைதான் வருகிறது.

வீட்டைத் திறந்தபோது தொட்டித் தண்ணீர் காவி நிறத்தில் இருந்தது. கல்லெல்லாம் பாசி. நாங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்த எதிர்வீட்டு அம்மா பின்னாலேயே வந்தார். மீன் விற்பவர்.

"பத்து நாளும் விடாம போட்டேன் டீச்சர். காலைல ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி."

"இன்னா போட்டீங்க?"

"கருவாட்டு எறாதான். நல்லா இடிச்சி. அந்த ரெண்டு மீனும் கண்ணாடிகிட்ட வந்து வாயப் பொளந்துக்குனு பாக்குது, நான் இன்னா பண்றது? புள்ள இல்லாத வூட்ல பட்டினி போடலாமா?"

அவரிடம் கோபப்பட முடியவில்லை. நைட்ரேட் குழாயில் பீட்ரூட் சாறு போல வந்தது. அட்டையின் கடைசிக் கட்டம், ஐம்பது.

அன்றிலிருந்து சுத்தம் செய்யத் தொடங்கினேன். மருத்துவமனையில் பத்து நாளும் என் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரே சொல் இன்ஃபெக்‌ஷன். வாசலில் கை கழுவு, கட்டிலைத் தொடுமுன் கை கழுவு, தொட்ட பிறகும் கழுவு. அதே கையோடு வீட்டுக்கு வந்தேன். பாசியைச் சுரண்டினேன். கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் வைத்தேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் துரு நிறக் குருணையை அவள் போடும் அளவைப்போல இரண்டு பங்கு போட்டேன். மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஐந்தாறு மணி தீனி. கடலுக்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அந்தத் தண்ணீர் என் வீட்டுக்குள் வர வேண்டாம் என்றிருந்தது. அவள் அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்த உப்புத்தூள் வாளியைத் திறந்து, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருத்துவமனை. இடையில் அவளுக்கு மறுபடி காய்ச்சல் ஏறி, மறுபடி ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோய், மறுபடி வெளியே கொண்டுவந்தார்கள். அவர்கள் எண்கள் சொல்வார்கள், கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து என் எண்களைப் பார்ப்பேன். நாற்பது. இருபத்தைந்து. பத்து. ஐந்து. அந்தக் குழாய் வெளுக்க வெளுக்க எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு நாள் இரண்டு குழாயும் வெறும் தண்ணீர் போல நிறமே இல்லாமல் நின்றன. பூஜ்யம், பூஜ்யம். அன்று எட்டு மணி நேரம் தூங்கினேன்.

அவள் அலைபேசியில் ஒரு வார்த்தை அனுப்புவாள்: "நம்பர்?" நான் பதில் அனுப்புவேன்: "சுத்தமா இருக்கு. பத்துக்குக் கீழதான்." பொய் இல்லை.

பத்து நாள் கழித்து என் தம்பி வந்தான். எளாவூர்ப் பக்கம், எங்கள் அப்பாவின் நிலத்தில் நெல் வைக்கிறான். நவரைப் பட்டத்து நாற்று நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது; வயலிலிருந்து நேராக பைக்கில் வந்திருந்தான். காபி குடித்துக்கொண்டே தொட்டியைப் பார்த்தவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னாக்கா இது? பச்சையா இருந்தது எல்லாம் இப்பிடி வெளுத்துக்கெடக்குது?"

அதுவரை நான் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். பவளத்தைப் பார்க்கவில்லை. பொத்தான்கள் எல்லாம் பழைய சோப்பு போல வெளிறி இருந்தன. பாதி விரியவே இல்லை.

தம்பி வெளியே போய் பைக் பெட்டியிலிருந்து இலை வண்ண அட்டையை எடுத்துவந்தான். நெல் வைக்கிற எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும் அட்டை அது. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, நான்காம் கட்டத்துக்குக் கீழே போனால் யூரியா போடுவார்கள். அதைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தான்.

"மூணு கூட வரலக்கா. ரெண்டு."

"இது பயிர் இல்லடா."

"புள்ளதான சொல்லிச்சி, அதும் உள்ள பச்சைப் பாசி இருக்குது, வெயில் குடிச்சி சோறு ஆக்கிப் போடுதுன்னு? அப்ப அது பயிர்தான. தழைச்சத்து இல்லாம நிக்குது. நீ களைய எடுக்குறேன்னு சத்தையும் சேத்து எடுத்துட்ட."

அவன் எட்டாவதோடு நின்றவன். சொன்னது சரி. பவளத்தின் சதைக்குள் இருக்கும் நுண்பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். மகள் காய் நறுக்கும்போது சொன்னது அதுதான் என்று அப்போது நினைவுக்கு வந்தது. பூஜ்யம் என்றால் பட்டினி. நான் பட்டினி போட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

பைக்கில் அரை மூட்டை யூரியா இருந்தது. ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். "பிரிச்சிப் பிரிச்சிப் போடுக்கா. ஒரேயடியா கொட்டாத."

நான் கொட்டவில்லை. கணக்குப் போட்டேன். இருநூறு லிட்டரில் நைட்ரேட் ஐந்து வர எவ்வளவு நைட்ரஜன், அதற்கு எவ்வளவு யூரியா. அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்து எடுத்துவந்து கரைத்து ஊற்றினேன். மறுநாள் சோதித்தேன். குழாயில் நிறம் வரவில்லை. பூஜ்யம். இன்னொரு அரை கிராம். மறுநாளும் பூஜ்யம். பவளம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது, அவ்வளவு பசி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு கிராமாகப் போட்டேன். பசித்த பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வைத்த திருப்தி இருந்தது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஏதாவது தோன்றியது என்றால் அது அந்தத் திருப்திதான்.

ஐந்தாம் நாள் காலை, ஒரு கோமாளி மீன் மணலில் பக்கவாட்டில் கிடந்தது. இன்னொன்று மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. தோல் பவளம் சுருங்கித் தொங்கியது.

அவள் சோதனைப் பெட்டியின் அடியில் இருந்த அம்மோனியா சோதனையை எடுத்துச் செய்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக வந்தது.

நைட்ரஜன் சுழற்சியை நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைகிறேன். யூரியா முதலில் அம்மோனியா ஆகும், பிறகுதான் மெல்ல நைட்ரேட் ஆகும். யூரியாவாக இருக்கும்வரை நைட்ரேட் சோதனையில் அது தெரியவே தெரியாது. வயலில் மண் இருக்கிறது, தாங்கும். தொட்டியில் தாங்க ஒன்றும் இல்லை. கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கேட்கத்தான் யாரும் இல்லை.

உடனே பாதித் தண்ணீருக்கு மேல் மாற்ற வேண்டும். உப்புத்தூள் வாளி காலி. கடல்தான்.

வெற்று கேன்களைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். அந்தப் படகுக்காரரை விபத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பார்க்கவேண்டாம் என்று இருந்தேன். அவர்தான் அவளைக் கடலுக்குள் கூட்டிப்போனவர். வெளியே எடுத்தவரும் அவர்தான். இரண்டையும் ஒன்றாக வைத்து என்னால் நினைக்க முடியவில்லை.

படகு நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மணலில் வலை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

"யோவ், டீச்சரு வந்துகிறாங்க. ஏந்திரு."

அவர் எழுந்தார். ஊசியைக் கையிலேயே வைத்திருந்தார். "பாப்பா எப்பிடிகீது டீச்சர்?"

"பேசுது."

"பேசுதா." ஊசியை வலையில் குத்தி வைத்தார். பிறகு கேன்களைப் பார்த்தார்.

"தண்ணி வேணும். ஆறு கேன்," என்றேன்.

"அதுக்கு எதுக்கு படகு? அலைலயே மொண்டுக்குனு போவலாமே," என்றார் மனைவி.

"நீ சும்மாகெட. மொகத்துவாரம் தொறந்துக்குனு ஏரித் தண்ணி மொத்தம் கரையோரமாதான் ஓடுது. உப்பு கெடையாது. வயல்ல போட்ட உரம் பூரா அதுலதான் கீது. பாப்பா அதத் தொடாது. தண்ணி நெறம் மாறுற எடத்துக்குப் போவணும்." என் பக்கம் திரும்பினார். "இன்னா டீச்சர் திடீர்னு?"

சொன்னேன். யூரியா போட்டதைச் சொன்னேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"கடலுக்கு உரம் போட்ட மொதோ ஆளு நீதான் டீச்சர்!"

நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் இடம் கொடுக்கவில்லை.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுப் படகைத் தள்ள ஆரம்பித்தார். அப்போதுதான் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "அன்னிலருந்து கடல்ல இறங்கவே இல்ல டீச்சர். இன்னிக்குதான்."

நான் ஓடிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தேன். "வேணாங்க. அலை பெருசாகீது. விடுங்க, நான் வேற எதுனா பாத்துக்கறேன்."

"பெருசு இல்ல டீச்சர்," என்றார். "அன்னிக்கும் பெருசு இல்ல."

படகின் உள்ளே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தொங்கியது. என் மகளுடையது. அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "பாப்பா சைசு, எனக்குப் பத்தாது," என்றார். "போட்டாதான் படக விடுவேன்," என்றேன். வகுப்பில் பேசும் குரலில் வந்தது. அவர் மாட்டிக்கொண்டார். முன்பக்கம் சேரவில்லை. "தொப்பையக் கொறைன்னா கேக்குறியா," என்றார் மனைவி. கயிறு எடுத்துக் குறுக்கே கட்டிவிட்டார்.

படகு அலைமேல் ஏறி இறங்கியது. பிறகு சின்னதானது. நான் மீன் காயும் வலை ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். என் மகள் போன ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நான் இருந்ததே இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்பது மட்டும் தோன்றியது. படகு திரும்பும்போது நான் பார்க்கவில்லை. கேன்கள் மணலில் விழும் சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். ஆறு.

"அவளை எடுத்துக் குடுத்தீங்க," என்றேன். அதைச் சொல்ல ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவர் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத வீட்ல வச்சிக்க டீச்சர்."

மத்தியானத்துக்குள் நூற்றிருபது லிட்டர் மாற்றினேன். இரண்டாவது மீன் பிழைத்தது. தோல் பவளம் பிழைக்கவில்லை. மறுநாள் அது கரைந்து நாறத் தொடங்கியதும் எடுத்துப் போட்டேன். காளான்கள் அசையாமல் இருந்தன. பொத்தான்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

சாயங்காலம் அவள் அலைபேசியில் கேட்டாள்: "நம்பர்?" நான் எழுதவில்லை. கூப்பிட்டேன். அறுபது பொத்தான்களும் மூடியிருக்கின்றன என்று முதலில் சொல்லிவிட்டேன். பிறகு பின்னோக்கிச் சொன்னேன். அம்மோனியா, யூரியா, மாமாவின் அட்டை, பூஜ்யம், கருவாட்டு இறால். அவள் நைனா பக்கத்தில் ஏதோ கேட்பது கேட்டது.

"யூரியாவா?" என்றாள். குரல் கரகரவென்று, யாருடையதோ போல இருந்தது. "எவ்ளோ?"

"ரெண்டு கிராம். மூணு நாள்ல."

"எம்மா. நடவு நட்டியா? களை எடுத்தியா?" அவள் சிரித்தாள். அது இருமலாக மாறி, நீண்டு, நர்ஸ் வந்து அலைபேசியை வாங்கி வைக்கச் சொல்லும்வரை போனது. நான் அலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இருமலைக் கேட்டேன். சிரிப்பு வந்ததையும் கேட்டேன்.

பிறகு ஒரு செய்தி வந்தது. "ஸ்கிம்மரைக் குறை. குருணையை எடுத்துடு. மீனுக்கு தினமும் கொஞ்சம் போடு. வேற எதுவும் செய்யாதே. நீ ஒண்ணுமே செய்யாதே, ப்ளீஸ்."

ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அது மிகவும் கடினமாக இருந்தது. தீனி போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மூன்று வாரம் அப்படி.

தை கடைசியில் வீட்டுக்கு வந்தாள். நைனா தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறி, நேராகத் தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெலிந்த முகம் கண்ணாடியில் தெரிந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினாலு தொறந்துகீது," என்றாள்.

"அறுபது இருந்ததும்மா."

"பதினாலு இருக்குதில்ல."

சோதித்து வாசித்தேன். நைட்ரேட் நான்கு. பாஸ்பேட் 0.05. அவள் பேனா கேட்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் "10க்கு மேல் போகக் கூடாது" என்பதற்குப் பக்கத்தில், "2க்குக் கீழேயும்" என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"தண்ணி மாத்தணும்மா. அடுத்த மாசம் நான் போறேன்."

"அவரே கொண்டாந்து குடுப்பார்."

"நான் போவணும்."

அவள் நைனா என்னைப் பார்த்தார். நான் பின்கட்டுக்குப் போனேன். கேன்களைக் கழுவி, வாயைக் கீழே வைத்து மதில்மேல் வரிசையாகக் கவிழ்த்தேன். லைஃப் ஜாக்கெட் அங்கேதான் கொடியில் கிடந்தது. அதன் இடுப்புப் பட்டை பாதி பிய்ந்து ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. படகு கவிழ்ந்த அன்றைக்கே பிய்ந்ததா, அதற்கு முன்பே பிய்ந்து இருந்ததா, தெரியவில்லை. உள்ளே போய்க் கோணி ஊசியும் நைலான் நூலும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். துணி தடிப்பாக இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் நான்கு சுற்று தைத்தேன். இழுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு சுற்று தைத்தேன்.